எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு?

ஒன்றரை ஆண்டுக்கு முன் எங்கள் பல்கலைக்கழக மாணவர் மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்கு நான் கை தூக்கினேன். அன்றைக்கு அது சரியான முடிவு என்றுதான் பட்டது. இன்றைக்கும் அதைத் தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. ஆனால் மனசு உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். எங்கள் மாணவர் காப்புறுதி, வார்டில் படுத்தால் மட்டும் பணம் தரும். காய்ச்சல், இருமல் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் சொந்தக் காசு. பிடிபிடிஎன் கடனில் படிக்கிற பிள்ளைகளுக்கு அறுபது எழுபது ரிங்கிட் என்பது ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. அதனால் கிளினிக் செலவையும் காப்புறுதியில் சேர்க்க வேண்டும் என்று கையெழுத்து வேட்டையில் இறங்கினோம். என் ஆய்வுக்கூடக் குழுவில் ஒரு நண்பன் இருக்கிறான், வங்காளதேசத்திலிருந்து வந்து படிப்பவன். ஆஸ்துமாக்காரன். சட்டைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். விடுதியில் மாடி மாடியாக ஏறிக் கையெழுத்து வாங்கியதில் அவன் பங்கு பெரிது. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வான். காகிதத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டான்.

நிர்வாகம் ஒருவழியாக இறங்கி வந்தது. உள்நாட்டு மாணவர்களுக்கு அடுத்த தவணையிலிருந்தே தரலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு விசாவோடு சேர்ந்த தனிக் காப்புறுதி, தனி ஒப்பந்தம், அதைத் தொட்டால் சிக்கல். "அவங்கள அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். எல்லாருக்கும் சேத்துத்தான் வேணும்னா இந்த வருஷம் நடக்காது" என்கிற மாதிரி பதில் வந்தது. மன்றம் வாக்கெடுத்தது. நண்பன் மன்ற உறுப்பினன் இல்லை, அதனால் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் மட்டும் எதிர்த்தார்கள். அந்த இரண்டு பேரில் நான் இல்லை.

அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை.

இந்தத் தவணை பொறியியல் நெறிமுறைப் பாடத்துக்கு ஆளுக்கொரு வழக்காய்வு எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் பாலம் இடிந்தது, அணை உடைந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். பட்டியலின் கடைசியில் யாரும் தொடாமல் ஒரு தலைப்பு கிடந்தது: சாதாரண மக்கள் சட்டமன்றத்தை நெருக்கி ஒரு சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்ற வைத்த கதை. இடம், அமெரிக்காவின் வெர்மோண்ட் மாநிலம். சும்மா வித்தியாசமாக இருக்கட்டுமே என்று எடுத்தேன். படிக்கப் படிக்க எங்கள் மன்ற அறைதான் கண்முன் வந்து நின்றது.

நம் நாட்டில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்த்துவிடலாம். வரிசை நீளம், அது வேறு விஷயம். அமெரிக்காவில் அந்த ஒரு ரிங்கிட் கதவு கிடையாது. பெரும்பாலோருக்குக் காப்புறுதி வேலையோடு வருகிறது. வேலை போனால் அதுவும் போய்விடும். முதியோருக்கும் மிகவும் ஏழைகளுக்கும் 1965-இல் வந்த அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் பாடு திண்டாட்டம். நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கொண்டுவருவது தலைமுறை தலைமுறையாக இழுபறி. அதனால் சில மாநிலங்கள் தாங்களாகவே முயன்று பார்த்தன.

வெர்மோண்ட் சின்ன மாநிலம். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஆறேகால் இலட்சம்தான். தலைநகர் மோண்ட்பீலியரில் எட்டாயிரம் பேர்கூட இல்லை; நம்ம ஊர்ப் பெரிய தாமான் ஒன்றிலேயே அதைவிடக் கூட்டம் இருக்கும். சட்டமன்றத்தின் கீழவையில் 150 பேர், மேலவையில் 30 பேர். உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்தையில் பார்த்து நிறுத்திப் பேசிவிடலாம்.

'லாபி' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு மூடிய கதவும், கோட்டுப் போட்டவர்களும், கைமாறும் உறையும்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் மூலம் சாதாரணமானது. உறுப்பினர்கள் அவைக்குள் போகிற வழியில் உள்ள கூடத்தில் காத்திருந்து, "ஐயா, எங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க" என்று கேட்பது. 2008-இல் வெர்மோண்ட் தொழிலாளர் மையம் தொடங்கிய இயக்கம் அப்படித்தான் வேலை செய்தது. மருத்துவம் மனித உரிமை என்பதுதான் அவர்கள் கோரிக்கை, இயக்கத்தின் பெயரும் அதுதான். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மருத்துவச் செலவால் நொடித்துப்போனவர்களைப் பேச வைத்தார்கள். கதை சொல்லத் தெரியாதவர்களைக் கதை சொல்ல வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் இயக்கத்தில் வீடு வீடாகப் போன யாருக்கும் தெரியும். 2009 மே முதல் நாள் ஆயிரம் பேருக்கு மேல் சட்டமன்றத்தின் முன் திரண்டார்கள்.

அடுத்த ஆண்டு சட்டமன்றம், ஹார்வர்ட் பேராசிரியர் வில்லியம் சியாவோவிடம் திட்டம் வரையும் பொறுப்பைக் கொடுத்தது. 1995-இல் தைவானில் தொடங்கிய தேசியக் காப்புறுதியை வடிவமைத்ததில் முக்கியமானவர் அவர். 2010 நவம்பரில் ஆளுநராகத் தேர்வான பீட்டர் ஷம்லின், மாநிலத்தார் எல்லாருக்கும் ஒரே பொதுக் காப்புறுதி என்று வாக்குறுதி கொடுத்தே வென்றவர். 2011 தொடக்கத்தில் மசோதா வந்தது. கீழவையைத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் மேலவைக்கு வந்தபோதுதான் அந்தத் திருத்தம் முளைத்தது. ஆவணம் இல்லாமல் குடியிருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது அது. இரண்டு பெரிய கட்சிகளிலிருந்தும் ஆளுக்கொருவராக இருவர் சேர்ந்து கொண்டுவந்தார்கள். மேலவையும் ஏற்றுக்கொண்டது.

யார் அந்த ஆவணம் இல்லாதவர்கள்? வெர்மோண்ட் பால் மாநிலம். மாட்டுக்குப் பொது விடுமுறை கிடையாது; இரவிலும் கறக்க வேண்டும், கடுங்குளிரிலும் கறக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?) அமெரிக்காவின் விவசாயத் தொழிலாளர் விசா பருவகால வேலைகளுக்கு மட்டும்தான். பால் பண்ணை வேலை ஆண்டு முழுக்க நடக்கும், அதனால் அந்த விசாவில் அடங்காது. அதாவது, பண்ணைக்காரர் நேர்மையாக ஆள் எடுக்க நினைத்தாலும் சட்டத்தில் கதவே இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்தான் அந்த மாடுகளைக் கறந்துகொண்டிருந்தார்கள். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேர்வரை இருக்கலாம் என்பது அந்தக் காலத்து மதிப்பீடு. 2009 டிசம்பரில் அவர்களில் ஓர் இளைஞர், சாணம் தள்ளும் இயந்திரத்தில் உடை சிக்கி இறந்துபோனார். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும்.

இப்போது அந்த இயக்கத்துக்காரர்களின் இடத்தில் நின்று பாருங்கள். மூன்று வருட உழைப்பு. சட்டம் கைக்கெட்டும் தூரத்தில். ஆறேகால் இலட்சத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேர் என்றால் நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. எந்த இயந்திரம் 99.7 விழுக்காடு திறனில் ஓடுகிறது? பொறியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதோடு அந்த ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு ஓட்டும் கிடையாது. அவர்களை விட்டுவிட்டால் எந்த உறுப்பினரும் அடுத்த தேர்தலில் தோற்கப் போவதில்லை. அவர்களைச் சேர்த்தால் தோற்கலாம்.

இயக்கம் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான் என்ற பொருளில் ஒரு முழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். 2011 மே முதல் நாள் மறுபடி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சட்டமன்றத்தின் முன் கூடினார்கள். இந்த முறை பண்ணைத் தொழிலாளர்களின் கோரிக்கையும் அவர்கள் கோரிக்கையோடு சேர்ந்து ஒலித்தது. அடுத்த சில நாளில் இரு அவைகளின் இணக்கக் குழு அந்த விலக்கை எடுத்துவிட்டு, அதைப் பற்றி ஆய்வு செய்யலாம் என்று மட்டும் வைத்தது. மே 26-ஆம் தேதி ஷம்லின் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் எழுதுவதற்குச் சுகமாக இருந்திருக்கும். முடியவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் வட்டார முகாமில் ஒரு ராத்திரி, தே தாரேக் குடித்துக்கொண்டே இதை நான் சொன்னபோது ஓர் அண்ணன் உடனே விதுரரை இழுத்தார். "குடும்பத்துக்காக ஒருத்தனை விடலாம், கிராமத்துக்காகக் குடும்பத்தை விடலாம், நாட்டுக்காகக் கிராமத்தை விடலாம்னு மகாபாரதத்துலயே இருக்கு தம்பி. ஆயிரத்து ஐந்நூறு பேருக்காக ஆறு இலட்சத்த ஆபத்துல வைக்கிறதா தர்மம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் அந்த இடத்தைத் தேடிப் படித்தேன்.

விதுரர் அதைச் சொல்வது துரியோதனன் பிறந்தபோது. யாரிடம் சொல்கிறார்? திருதராஷ்டிரரிடம். யாரை விடச் சொல்கிறார்? அவருடைய சொந்த மூத்த மகனை, அரண்மனையில் பிறந்தவனை, பின்னாளில் எல்லா அதிகாரமும் கையில் வைத்திருக்கப் போகிறவனை. விடுகிறவருக்குத்தான் அங்கே வலி. பக்கத்து வீட்டு வேலைக்காரியின் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று விதுரர் சொல்லவில்லை. இன்னொன்று, அந்த வரிசை நாட்டோடு நிற்பதில்லை. கடைசிப் படியில், ஆன்மாவுக்காக உலகத்தையே விடலாம் என்று முடிகிறது. முதல் மூன்று படிகளை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், நாலாவது படியை யாரும் சொல்வதில்லை. வசதியாக மறந்துவிடுகிறோமோ என்னவோ.

வெர்மோண்ட் மேலவையில் கை தூக்கியவர்களும் சரி, எங்கள் மன்ற அறையில் கை தூக்கிய நானும் சரி, நாங்கள் விட்டுக்கொடுத்தது எங்களுடையது இல்லை. அடுத்தவனுடையதை விட்டுக்கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தோம்.

பேரம் இல்லாமல் சட்டம் இல்லை, எனக்கும் புரிகிறது. ஆனால் பேரத்தில் இரண்டு வகை இருப்பதாக இப்போது நினைக்கிறேன். பல் சிகிச்சை இந்த வருஷம் வேண்டாம், கட்டணம் ஐந்து ரிங்கிட் கூடட்டும், மருந்துப் பட்டியல் கொஞ்சம் சுருங்கட்டும் என்றால் அது 'எவ்வளவு' பற்றிய பேரம். அதில் நாம் எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் இழக்கிறோம், பேசுகிறவனும் இழக்கிறான். 'யாருக்கு' என்ற பேரத்தில் ஒருவன் முழுசாக இழக்கிறான், இன்னொருவன் முழுசாகப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறான். பெரும்பாலும் இழக்கிறவன் அறையிலேயே இருப்பதில்லை.

இது நம் சமூகத்துக்குத் தூரத்துக் கதை இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியாக எடுக்காததால் அடையாள அட்டை இல்லாமல் நிற்கும் இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களின் கட்டணம் பொருந்தாது, வெளிநாட்டவர் கட்டணம்தான். 'ஆவணம் இல்லாதவர்' என்று கோடு போடும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ மெக்சிகோக்காரர் நிற்கிறார் என்று நினைக்கிறோம். தோட்டத்திலிருந்து வந்த நம் அத்தை வீட்டுப் பிள்ளையும் அங்கே நிற்கலாம்.

சரி, இதுவரைக்கும் நான் எனக்குச் சாதகமாகவே பேசிவிட்டேன். எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த அண்ணனுக்கு நான் நியாயம் செய்தவன் ஆக மாட்டேன்.

வெர்மோண்டுக்குப் பக்கத்து மாநிலம் மாசசூசெட்ஸ். அங்கே 2006 ஏப்ரல் 12-ஆம் தேதி ஒரு சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் கையெழுத்தானது. அதற்குப் பின்னாலும் பெரிய மக்கள் அழுத்தம் இருந்தது. பாஸ்டன் வட்டாரத்தில் தேவாலயங்களும் யூதக் கோயில்களும் பிற வழிபாட்டு அமைப்புகளும் சேர்ந்த ஒரு பல்சமயக் கூட்டமைப்பு தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியது. சட்டமன்றம் அசையாவிட்டால் கேள்வியை நேரடியாக வாக்காளர்களிடமே கொண்டுபோவோம் என்பது அவர்கள் கையில் இருந்த துருப்பு. ஊழியருக்குக் காப்புறுதி தராத முதலாளிகள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். பேரத்தில் அது ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 295 டாலராகச் சுருங்கியது. ஏற்றுக்கொண்டார்கள். ஆவணமில்லாதவர்களுக்கு அந்தச் சட்டத்தின் மானியக் காப்புறுதி கிடைக்கவில்லை. அதோடும் சட்டம் நிறைவேறியது.

பலன்? 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மாசசூசெட்ஸில் 20 முதல் 64 வயதுக்குட்பட்டோரின் இறப்பு விகிதம், அதே போன்ற பிற மாநில வட்டாரங்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய 3 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. புதிதாகக் காப்புறுதி பெற்ற ஒவ்வொரு 830 பேருக்கும் ஆண்டுக்கு ஓர் உயிர் தப்பியது என்பது அவர்களின் கணக்கு. இந்த எண்ணை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எல்லாருக்கும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்' என்று 2006-இல் யாராவது பிடிவாதம் பிடித்து அந்தச் சட்டத்தைக் கவிழ்த்திருந்தால், அந்த 830-இல் ஒருவர் இன்று இல்லை. கொள்கைக்காக நான் பட்டினி கிடக்கலாம். என் கொள்கைக்காக உன்னைப் பட்டினி போட எனக்கு உரிமை இருக்கிறதா? எங்கள் மன்றத்தில் எதிர்த்து வாக்களித்த அந்த இருவரும் ஜெயித்திருந்தால், இந்த ஒன்றரை வருஷம் கிளினிக்குக்குப் போன எத்தனையோ பேர் போகாமலே படுத்திருப்பார்கள். அவர்களில் என் அறைத்தோழனும் ஒருவன். அவனுக்கு டெங்கி என்று சீக்கிரமே கண்டுபிடித்தது அந்தக் கிளினிக்தான்.

ஆக, கோடு போட்டாவது சட்டத்தைப் பெறுவது சில நேரம் உயிர் காக்கிறது. ஆனால் போட்ட கோடு போட்ட இடத்திலேயே நிற்பதில்லை, அதையும் மாசசூசெட்ஸே காட்டியது. 2009-இல் அங்கே வரவு செலவில் துண்டு விழுந்தது. எங்கே வெட்டலாம் என்று பார்த்தார்கள். ஏறக்குறைய 30,000 குடியேறிகளை மானியக் காப்புறுதியிலிருந்து நீக்கி, சலுகை குறைந்த வேறொரு திட்டத்துக்குத் தள்ளினார்கள். இவர்கள் ஆவணம் இல்லாதவர்கள் இல்லை. எல்லாக் காகிதமும் வைத்திருந்து வரியும் கட்டியவர்கள். 2012 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நடுவில் போன இரண்டரை வருஷம் போனதுதான். ஓட்டுப் போட முடியாதவனை முதலில் வெட்டுவது எவ்வளவு சுலபம் என்று ஒரு தடவை பழகிவிட்டால், கை மறுபடி அங்கேதான் போகும்.

"பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பொய்யான வார்த்தை என்று சொல்ல மாட்டேன். நம்ம சொக்சோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் வந்த சட்டம். 1993-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அதிலிருந்து எடுத்து, வேறொரு பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வைத்தார்கள். அதில் ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது உண்டு, சொக்சோ மாதிரி மாதாமாதம் தொடரும் ஓய்வூதியம் இல்லை. அவர்கள் சொக்சோவின் வேலை விபத்துக் காப்புக்குள் திரும்பி வந்தது 2019 ஜனவரியில். வீட்டுப் பணிப்பெண்கள் உள்ளே வந்தது 2021-இல். அமெரிக்காவின் 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டமும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தித்தான் பிறந்தது. 1950-களில்தான் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள். ஆக 'பின்னால்' வரத்தான் செய்கிறது. ஆனால் 1993-இல் சாரத்திலிருந்து விழுந்த ஒருவருக்கு 26 வருஷம் கழித்து வந்த திருத்தம் எதற்கு?

பொறியியலில் இதற்கு ஒரு சாதாரண அனுபவம் உண்டு. கட்டடம் வரையும்போதே சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டால் செலவு கொஞ்சம்தான். கட்டி முடித்துவிட்டுப் போடுவோம் என்றால் செலவு பல மடங்கு, இடமும் இருக்காது; கடைசியில் பின்பக்கம் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றைக் கட்டி வைப்பார்கள். எங்கள் புலத்துக் கட்டடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

இனி வெர்மோண்டின் மிச்சக் கதை. 2014 நவம்பர் தேர்தலில் ஷம்லின் மயிரிழையில்தான் தப்பினார். பாதிக்கு மேல் வாக்கு யாருக்கும் கிடைக்காததால் சட்டமன்றமே அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த டிசம்பர் 17-ஆம் தேதி அவர் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். முதலாளிகள் மீது 11.5 விழுக்காடு சம்பள வரியும், தனியாட்கள் மீது வருமானத்துக்கு ஏற்ப 9.5 விழுக்காடு வரையும் போட வேண்டிவரும் என்று கணக்கு வந்தது. மத்திய அரசிடமிருந்து எதிர்பார்த்த பணமும் குறைந்துபோனது. எல்லாருக்கும் என்று போராடிப் பெற்ற சட்டம், ஒருவருக்கும் கிடைக்காமலே போனது.

"பார்த்தியா, பிடிவாதம் பிடிச்சு என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். ஆனால் சட்டத்தைக் கவிழ்த்தது அந்த ஆயிரத்து ஐந்நூறு பேர் இல்லை. அவர்களை நீக்கியிருந்தாலும் அந்த 11.5 பெரிதாக மாறியிருக்காது. கவிழ்த்தது வேறு ஒன்று. 2011 சட்டத்தில் யாருக்கு என்பது எழுதப்பட்டிருந்தது, பணம் எங்கிருந்து வரும் என்பது எழுதப்படவில்லை. 2013 ஜனவரிக்குள் நிதித் திட்டம் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள், அந்தக் கெடு தாண்டிப்போனது. அடித்தளத்தின் வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம் என்று மேல்மாடியை வரைந்த மாதிரி. மனிதர்களைப் பின்னால் தள்ளவில்லை, கணக்கைப் பின்னால் தள்ளினார்கள்.

எனக்கு இதில் கோபமே வந்தது. 'யாருக்கு' என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றால், 'எவ்வளவு' என்பதில் கண்ணைத் திறந்து, வியர்வை சிந்திப் பேரம் பேசத்தான் வேண்டும். அது கீழான வேலை இல்லை. நல்ல மனசு இருக்கிறவர்கள் பல நேரம் கணக்கு நோட்டை எடுக்கக் கூச்சப்படுகிறார்கள். முழக்கம் போடுகிறவன் ஒருத்தன், எக்செல் தாளோடு உட்காருகிறவன் இன்னொருத்தன் என்று பிரித்துவைத்தால், தாளோடு உட்காருகிறவன் எந்த வரியை வெட்டுவது என்று தனியாக முடிவெடுத்துவிடுவான்.

ஷம்லினின் அறிவிப்புக்கு முன்பே வெர்மோண்டில் பண்ணைத் தொழிலாளர்கள் தாங்களே முன்னால் வந்து கேட்க ஆரம்பித்திருந்தார்கள். 2013-இல் ஆவணம் இல்லாதவர்களும் வண்டி ஓட்டும் அட்டை பெற வழிசெய்த சட்டம் வந்தது. பஸ் இல்லாத கிராமத்தில் டாக்டரிடம் போவதற்கே அதுதான் வழி. 2021-இல் இன்னொரு சட்டம். 2022 ஜூலையிலிருந்து, குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாநிலமே காப்புறுதி தருகிறது. 2011-இல் விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் இது வந்தது என்று நான் சாதிக்கவில்லை. அன்றைக்கு ஒரு விலக்குப் பிரிவு சட்டப் புத்தகத்தில் ஏறியிருந்தால், முதலில் அதை எடுக்கவே பத்து வருஷம் ஆகியிருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது.

எங்கள் மன்றத்துக்கு வருகிறேன். கை தூக்கியது தப்பா? என் அறைத்தோழனின் டெங்கியை நினைத்தால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் செய்யாமல் விட்டதைத்தான் சொல்ல முடிகிறது. கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிடவில்லை. "இவ்வளவுதான் தராங்க, உன்னை விட்டுட்டு வாங்கிக்கலாமா, வேணாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் "வாங்கிக்கோங்க, அப்புறம் எனக்காகத் திரும்பி வாங்க" என்றுதான் சொல்லியிருப்பான், அவன் குணம் அப்படி. அப்போது அது அவன் விட்டுக்கொடுத்ததாக இருந்திருக்கும். திரும்பி வர வேண்டிய கடனும் எங்கள் தலையில் இருந்திருக்கும். அந்தக் கடனுக்குப் பயந்துதான் கேட்கவில்லையோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தீர்மானத்தில் 'அடுத்த கட்டம்' என்பதற்குத் தேதி போடச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அவனிடம் சொன்னேன், அன்றைக்கு நான் ஆதரித்துத்தான் வாக்களித்தேன் என்று. "தெரியும்" என்றான். கூட்டக் குறிப்பில் பெயரோடு போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்களாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஒன்றரை வருஷம் என்னோடு ஒரே மேசையில் சர்க்கியூட் கட்டியிருக்கிறான், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு சந்தா கூடும், அதை எல்லாரும் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று இந்தத் தடவை முதலில் கணக்குப் போட்டேன். தவணைக்கு இத்தனை ரிங்கிட் கூடுதலாகக் கட்டச் சம்மதமா என்று உள்நாட்டு மாணவர்களிடமும் கேட்க வேண்டும். அதைக் கேட்பதுதான் கஷ்டமான வேலை, எத்தனை பேர் முகத்தைத் திருப்புவார்கள் என்று தெரியாது. தாளை அவனுக்கும் அனுப்பினேன். முதலாம் ஆண்டு மாணவர்களை நான் இரண்டு முறை கூட்டியிருக்கிறேன் என்று கண்டுபிடித்து, திருத்தி, நேற்று ராத்திரி திருப்பி அனுப்பினான். சந்தா நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் மாறுகிறது. கூட்டம் வரும் வியாழக்கிழமை. அவனை உள்ளே உட்கார வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.